கக்கநல்லாவில் கேட் மூடிவிடுவார்கள், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் துப்பறியும் நாவலில் நீ அனுப்பிய ஐந்து அத்தியாயத்தையும் படித்துவிட்டேன். முதலில் ஒரு விஷயம். உன் கொலைகாரன் மைசூர் போய்ச் சேர முடியாது. ராத்திரி பத்தரை மணிக்கு அவனைக் கூடலூரிலிருந்து காரில் கிளப்பி, தெப்பக்காடு தாண்டி, பந்திப்பூர் காட்டுக்குள் பறக்க விட்டிருக்கிறாய். அந்தக் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். கர்நாடக எல்லையில் இருக்கிற கக்கநல்லா செக்போஸ்ட்டைத் தாண்ட முடியாமல் அவன் விடியும்வரை காத்துக்கிடக்க வேண்டியதுதான். அதற்குள் கோத்தகிரி போலீஸ் நடந்தே வந்து பிடித்துவிடும்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். அம்மா தடை போட்டுவிட்டாள். டீ ஃபேக்டரியில் இலை காய வைக்கிற டிரையருக்குள் சடலத்தை மறைக்க முடியுமா என்று போன வாரம் நீ கேட்டதற்கு வாசலில் நின்றுகொண்டு, "டிரையருக்குள்ளே முழு ஆள் போகாது கண்ணு, வேற இடம் பாரு" என்று சத்தமாகப் பதில் சொல்லிவிட்டேன். பால் ஊற்ற வந்தவர் அன்றிலிருந்து என்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார். அதனால்தான் கடிதம்.

வண்டி விஷயத்தை முடித்துவிடுகிறேன். வெளியூர் வண்டி நீலகிரி மலையேற 2024 மே 7-லிருந்து இ-பாஸ் வேண்டும். கோவை நம்பர் காரில் வருகிறவன் பெயரும் வண்டி எண்ணும் பதிவாகியிருக்கும். உன் இன்ஸ்பெக்டர் இத்தனை பக்கம் மூளையைக் கசக்க வேண்டாம், அந்தப் பட்டியலை வாங்கிப் பார்த்தால் போதும். அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இது கிடையாது, நம்ம மாவட்டத்தில் பதிவான டிஎன் 43 வண்டிகளுக்கும் கிடையாது. ஆகவே ஒன்று அவன் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளூர்க்காரனாக இருக்க வேண்டும். உள்ளூர்க்காரன் என்றால் எனக்குப் பிடிக்கும். ஆனால் குஞ்சப்பனை வளைவுகளில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டே வருகிற கொலைகாரனை நான் எந்தக் கதையிலும் படித்ததில்லை. அதையும் யோசி.

அப்புறம் மழை. ஜூலையில் கோத்தகிரியில் மண்சரிவு வைத்திருக்கிறாய். ஜூலை மழை கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டும். நமக்குச் சாரலும் காற்றும்தான் மிச்சம். இந்தப் பக்கம் மண் சரிவதெல்லாம் ஐப்பசி கார்த்திகையில். 2009 நவம்பர் உனக்கு நினைவிருக்கும், எத்தனை வீடு, எத்தனை உயிர். அதை ஜூலையில் வைத்தால் இந்த ஊர்க்காரர்கள் யாரும் உன்னை நம்ப மாட்டார்கள். உறைபனிக்கும் இதே கதிதான். மூடுபனி சூழ்ந்த இரவில் சடலத்தின் மேல் உறைபனி படிந்தது என்கிறாய். வானம் தெளிந்து, காற்று அடங்கின ராத்திரியில்தான் உறைபனி விழும். நிமிர்ந்தால் நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும். சட்டைப் பொத்தான் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது என்று எழுதியிருக்கிறாயே, அது நல்ல காட்சி, விட்டுவிடாதே. மூடுபனியை மட்டும் எடுத்துவிடு. கதையைத் தை மாதத்துக்கு நகர்த்து, மண்சரிவை வேறு நாவலுக்கு வைத்துக்கொள்.

இன்ஸ்பெக்டர் "302 போட்டுடுவேன்" என்று மிரட்டுகிறார். 2024 ஜூலை 1-க்கு அப்புறம் கொலைக்குப் புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவு. ஆனால் பழைய எண் வாயில் ஊறிப்போனவர்கள் இருப்பார்கள். வயதான ஏட்டு ஒருவரை 302 என்று சொல்ல வை, சின்ன வயசு இன்ஸ்பெக்டர் திருத்தட்டும். ஆட்களின் வயசும் குணமும் அதிலேயே தெரிந்துவிடும்.

இவ்வளவும் சில்லறை. உட்கார்ந்து ஒரு நாளில் சரிசெய்துவிடலாம். எனக்கு உறுத்துவது முதல் அத்தியாயம்.

நாலு பக்கம் பனி பாப்பா. பனி, பங்களா, ஆந்தை, கிறீச்சிடும் கதவு. மேலே வந்து ரெண்டு நாள் தங்கிப் போகிறவர்களுக்குப் பனி அதிசயம். இங்கேயே வளர்ந்த உனக்கு அது துணி காயாத பிரச்சினை. நடுராத்திரி உன் கதாநாயகி எஸ்டேட் பாதையில் தனியாக நடக்கிறாள், பின்னால் யாரோ வருகிற மாதிரி இருக்கிறதாம். கோத்தகிரியில் ராத்திரி நடக்கிறவளுக்கு முதல் பயம் கரடி, அடுத்தது காட்டெருமை. மனுசன் பயமெல்லாம் அதற்குப் பிறகுதான். அவள் கையில் டார்ச்சே இல்லை!

நான் மாத நாவலிலேயே ஊறினவன், உனக்குத் தெரியும். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் யாராவது வாங்கி வருவார்கள். அட்டை கிழிந்து ஃபேக்டரி முழுக்கச் சுற்றிவிட்டுக் கடைசியில் என்னிடம் வரும். ராத்திரி ரெண்டு மணி, கண் சொக்கும், ஒரு காது ரோலர் சத்தத்தில் இருக்கும். அந்த நிலைமையில் இருக்கிற ஒருவனைப் பக்கம் புரட்ட வைத்தார்கள் அதையெல்லாம் எழுதினவர்கள். நீ யாருக்காக எழுதுகிறாய் என்று கேட்டால் பெரிய பெரிய பதில் சொல்கிறாய். நைட் ஷிஃப்ட் ஆள் ஒருவனை நினைத்துக்கொள். நாலு பக்கப் பனியில் அவன் தூங்கிவிடுவான், டீ தீய்ந்துபோகும்.

அந்தப் பங்களாவுக்குள் நீயும் இருந்ததில்லை, நானும் இருந்ததில்லை. ஃபேக்டரி உனக்குத் தெரியுமே. கொலையை அங்கே வை. நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதோ. டிரையர் வேண்டாம், மாடியில் இலை வாட்டுகிற டிரஃப் இருக்கிறதல்லவா, அது சரியாக வரும். நீளமான தொட்டி, மேலே கம்பி வலை, வலையின் மேல் கொழுந்தைப் பரப்புவோம். அடியில் வெற்றிடம். ஒரு முனையில் ஃபேன் காற்றைத் தள்ள, அது வலை வழியாக மேலே ஏறும். கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். பன்னிரண்டு, பதினாறு மணி நேரம் கிடந்தால்தான் அடுத்த வேலைக்குப் பதமாகும். சாயங்காலம் பரப்பினால் விடியும்வரை அந்த வலையை யாரும் தூக்கிப் பார்க்க மாட்டார்கள்.

உன் ஆள் சடலத்தை வலைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறான். எப்படிக் கண்டுபிடிப்பது? நாற்றம் என்று எழுதாதே, எல்லாரும் அதைத்தான் எழுதுவார்கள். விடிகாலை, தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்கிற டீ மேக்கர் வந்து வழக்கம்போல ஒவ்வொரு இடமாகக் கொழுந்தை அள்ளிப் பிசைந்து பார்க்கிறார். வாடின இலை பிடித்த பிடியில் உருண்டையாக நிற்கும், காம்பு வளையும், ஒடியாது. ஓரிடத்தில் மட்டும் இலை விறைப்பாக இருக்கிறது, காம்பு பட்டென்று ஒடிகிறது. ஃபேன் ஓடுகிறது, மற்ற இடமெல்லாம் சரியாக இருக்கிறது. அந்த ஆறடி நீளத்துக்கு மட்டும் காற்று ஏறவில்லை. ஏன்?

இந்தக் கேள்வியோடு முதல் அத்தியாயத்தை முடி. இந்த யோசனைக்கு ராயல்டி எதுவும் வேண்டாம், டீ மேக்கருக்கு மட்டும் நல்ல பெயராக வை.

உன் எழுதுகிற பழக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாலரை மணிக்கு எழுந்து ஆபீஸ் வண்டி வருகிறவரை எழுதுகிறாய், நல்லது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குகிறாயாமே, அம்மா சொன்னாள். ஃபேக்டரிக்கு வந்த கொழுந்தை நாங்கள் திருப்பி அனுப்பிவிட்டு நல்ல இலைக்காகக் காத்திருக்க முடியாது. மூட்டையிலேயே விட்டால் சூடேறிச் சிவந்துவிடும். முற்றின இலையோ மழையில் நனைந்த இலையோ, அன்றைக்கு வந்ததை அன்றைக்கே வாட்டப் போட்டுத் தூளாக்கிவிட்டு, தரம் பிரிக்கிறதைப் பிறகு பார்ப்போம். ஆறாம் அத்தியாயத்துக்குப் போ. கடைசி வரை போய்விட்டு வந்து முதல் வரியை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்று. யார் கொன்றான் என்பது முடிவாகாமல் முதல் அத்தியாயத்தில் எந்தத் தடயத்தைப் போடுவாய்? துப்பறியும் கதையில் இது ரொம்ப முக்கியம்.

வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து அமைதியாக எழுதுகிறேன் என்றாய். வா, உன் வீடு. ஆனால் வேலையை விடாதே. சுஜாதா பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் (பி.இ.எல்.) இன்ஜினியராக இருந்துகொண்டே எழுதினவர். தமிழில் கதை எழுதி மட்டும் வாடகை கொடுக்கிறவர்கள் ரொம்பக் குறைவு. அது போக, அமைதி என்று எதைச் சொல்கிறாய்? மழை வந்தால் கரண்ட் போகும், நெட் போகும், சித்தி வருவாள், உன் கல்யாணத்தைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் போவாள். உனக்கு அந்த நாலரை மணியே பத்திரம். லீவு இருந்தால் தை மாதம் வந்து பத்து நாள் தங்கு, உறைபனியைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுது.

புத்தகம் போட உன்னிடமே பணம் கேட்ட அந்தப் பதிப்பகத்துக்கு இன்னும் பதில் எழுதாவிட்டால் எழுதாமலே விட்டுவிடு. எழுதி முடிக்காத நாவலுக்கு முன்பணம் கேட்கிறவர்கள் என்ன படித்துப் பார்த்துக் கேட்கிறார்கள்?

கொலைகாரன் யாரென்று அம்மாவிடம் சொல்லிவிட்டாயாம். சமையற்கட்டில் நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். என்னிடம் சொல்லாதே. எனக்குக் கணக்குப்பிள்ளை மேல்தான் சந்தேகம். ஆறாம் அத்தியாயம் அனுப்பும்போது எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வை, செல்போனில் படித்துக் கண் வலிக்கிறது.

அன்புடன்,
அப்பா