மாதர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

மதிப்புக்குரிய தலைவி அவர்களே, போசகர் அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, வந்திருக்கும் அங்கத்தவர்களே, வராதிருக்கும் அங்கத்தவர்களே (எப்படியும் மாலைக்குள் யாராவது சொல்லிவிடுவார்கள்), அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாக சபை மாதம் ஒருமுறை கூட வேண்டும் என்கிறது சங்கத்தின் யாப்பு விதி. கூட முடிந்த மாதங்களில் கூடினோம். செப்டெம்பரில் சனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல் என்று பொதுநோக்கு மண்டபம் கிடைக்காத மாதங்கள் உண்டு. மண்டபம் கிடைத்தும் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆட்தொகை, கிடைக்காத மாதங்களும் உண்டு. அதைப்பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தைப்பொங்கல் வழமைபோல் நடந்தது. மகளிர் தினத்துக்குப் பிரதேச செயலகத்துக்கு ஆட்களை அனுப்பினோம். சிரமதானம் நடந்தது. முன்பள்ளிக்குப் பாய் வாங்கிக் கொடுத்தோம். வாணி விழாவுக்கு அவல், கடலை.

இனி இந்த வருடத்தின் முக்கிய வேலைக்கு வருகிறேன். வீட்டுத்தோட்டத்தில் விளைவதைப் பழுதாக விடாமல் பதப்படுத்தி வைப்பது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானம் எடுத்தோம். பிரேரித்தது நான். வழிமொழிந்தவர் அன்றைக்குப் பிறகு சங்கத்துக்கு வரவில்லை.

தேவை என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வைகாசி, ஆனியில் எங்கள் எல்லார் வளவிலும் மாமரம் ஒன்றாகத்தான் பழுக்கிறது. கறுத்தக்கொழும்பானுக்காவது கேட்பார் உண்டு. மற்ற மாம்பழத்தை ஒட்டுசுட்டானுக்குக் கொண்டுபோனாலும் மாங்குளத்துக்குக் கொண்டுபோனாலும் ஆட்டோக் கூலி மிஞ்சாது. மாசியில் கத்தரியும் தக்காளியும் அதே கதை. மாட்டுக்குப் போடுகிறோம். பிறகு ஐப்பசி மழை தொடங்கினால் தம்புள்ளையில் இருந்து லொறியில் வரும் தக்காளியைக் கால் கிலோ, அரைக் கிலோ என்று விலை கேட்டு யோசித்து வாங்குகிறோம். விற்கும்போது விலை இல்லை, வாங்கும்போது விலை உண்டு. இதை மாற்ற வழி கேட்டால் எல்லோரும் அரசாங்கத்தைச் சொன்னார்கள். நான் உலர்த்திப் பெட்டியைச் சொன்னேன்.

“வன்னி வெயிலுக்குப் பெட்டி எதற்கு? பாயில் போட்டால் காயாதா?” என்று கேட்டவர்களுக்கு அப்போது சொன்ன பதிலை எழுத்திலும் வைக்கிறேன். பாயில் போட்டால் காயும். கூடவே ரோட்டுப் புழுதி, இலையான், கோழி எல்லாம் வரும். பகலில் காய்ந்தது இரவுப் பனியில் திரும்ப ஈரம் பிடிக்கும், இரண்டாம் நாள் பூஞ்சணம். முருங்கை இலையை நேர் வெயிலில் போட்டால் பச்சையும் போய், கண்ணுக்கு நல்லது என்று நாம் சாப்பிடும் சத்தும் பெருமளவு போய்விடும். பெட்டியில் அப்படியில்லை. அடியில் கறுப்பு மை பூசிய தகரம், மேலே தெளிந்த பொலித்தீன், கீழ்ப்பக்கம் காற்று நுழைய வலை அடித்த துவாரம், மேல்பக்கம் வெளியேற ஒரு துவாரம். தகரம் சூடாக, காற்றும் சூடாகி மேலே எழும்பிப் போகும்போது காயில் உள்ள ஈரத்தைத் தூக்கிக்கொண்டு போகும். இலை போடும் நாளில் மேலே ஒரு கறுப்புத் துணி விரித்தால் வெளிச்சம் படாது, சூடு மட்டும் கிடைக்கும். மின்சாரம் வேண்டாம், விறகு வேண்டாம். ஊர்த் தச்சரே செய்து தந்தார்.

பெட்டி செயலாளரின் வளவில் இருக்கிறது என்று ஒரு பேச்சு ஊரில் உண்டு. உண்மைதான், இருக்கிறது. மண்டபத்துக்கு முன்னால் வைக்கலாம் என்றபோது இரவில் காவல் யார் என்று கேட்டார்கள். யாருடைய வளவில் வைக்கலாம் என்று கேட்டபோது ஒருவருக்கும் இடம் இருக்கவில்லை, ஒன்றரை ஏக்கர்க் காணிக்காரருக்கும்தான். இதெல்லாம் கூட்டறிக்கைப் புத்தகத்தில் தலைவியின் கையொப்பத்தோடு இருக்கிறது. எங்கள் வீட்டு மரவேலி மிதிபட்டதையும், குரங்கு வந்து பொலித்தீனைக் கிழித்து அரைப் பதத்தில் இருந்த மாம்பழத் துண்டுகளைத் தின்று முடித்ததையும், பொலித்தீனுக்குப் பதிலாகப் பழைய யன்னல் கண்ணாடியை எங்கள் வீட்டுக்காரர் சும்மா போட்டுத் தந்ததையும் புத்தகத்தில் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

வேலை எப்படி நடந்தது என்றால், பாவற்காயை மெல்லிய வளையமாக வெட்டி, விதை நீக்கி, உப்பு மஞ்சள் போட்டுப் பிசறி அடுக்கினோம். கத்தரிக்காயை வெட்டியவுடன் உப்புத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துப்போகும். பயற்றங்காயை முதலில் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்தால் காய்ந்த பிறகும் நிறம் நிற்கும், வைக்கோல் மணம் வராது. காய்ந்ததா இல்லையா என்பதற்குக் கருவி தேவையில்லை. பாவற்காய் வளையத்தை இரண்டு விரலால் மடித்தால் சடக்கென்று உடைய வேண்டும். வளைந்து கொடுத்தால் திரும்பப் பெட்டிக்குள். “பரவாயில்லை” என்று வளைந்ததையும் சேர்த்து அடைத்தவர்களின் போத்தல் எல்லாம் என்ன ஆனது என்று அவர்களுக்கே தெரியும். மாம்பழச் சாற்றை எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, பனம்பழப் பினாட்டுக்குச் செய்வதுபோல் ஒன்று காயக் காய மேலே மற்றொன்றாக ஊற்றி எடுத்ததுதான் இந்த வருடம் எல்லோரும் விரும்பிக் கேட்ட பொருள். தேசிக்காய் ஊறுகாயும் மோர் மிளகாயும் எல்லோருக்கும் தாய்வழி தெரிந்த வேலை, விளக்கம் வேண்டாம்.

ஜாம் பயிற்சிக்கு விவசாயப் போதனாசிரியர் வந்தார். வரவு நன்றாக இருந்தது. அன்றைக்கு ஆளுக்கு ஒரு கிலோ சீனி கொடுத்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த கிழமை சீனி இல்லாத கூட்டத்துக்கு வந்தவர்களை எண்ண ஒரு கை போதும்.

அந்தப் பயிற்சியிலேயே சீனி பற்றி வாக்குவாதம் வந்தது. விலையைப் பார்த்து அரைவாசி போடுவோம் என்றார்கள் சிலர். ஜாமில் சீனி இனிப்புக்கு மட்டும் இல்லை. முடிந்த ஜாமில் சீனி ஏறக்குறைய 65 வீதம் இருந்தால்தான் பூஞ்சணத்துக்கு வேண்டிய தண்ணீரை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பப்பாப்பழத்தில் புளிப்பு போதாது, தேசிப்புளி விடாவிட்டால் உறையாது. இறக்கும் பதம் 105 பாகை. வெப்பமானி இல்லாதவர்கள் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம், கரையாமல் அடியில் கிடக்க வேண்டும். குறைத்துப் போட்டவர்களுடைய ஜாமில் ஆடி முடியுமுன்னரே வெள்ளை பூத்தது. அதற்கும் செயலாளர்தான் காரணம் என்று கேள்விப்பட்டேன்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பயற்றங்காயையும் முருங்கைக்காயையும் அவித்து, தண்ணீரோடு போத்தலில் அடைத்து வைக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அதையே சொன்னார். புளிப்பில்லாத மரக்கறியைக் காற்றுப் புகாமல் அடைத்தால் குளொஸ்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமிக்கு அது நல்ல வீடு. அதன் வித்திகள் கொதிக்கும் தண்ணீரில் சாகாது, அமுக்கத்தில் 121 பாகை வரை சூடாக்க வேண்டும். அந்த வசதி எங்களிடம் இல்லை. மணமும் நிறமும் மாறாமலே உள்ளே நஞ்சு இருக்கலாம், ஆளைக் கொல்லும். ஆகவே மரக்கறி என்றால் ஒன்றில் வத்தல், இல்லாவிட்டால் உப்பும் வினாகிரியும் சேர்ந்த ஊறுகாய். நடுவில் வேறு வழி இல்லை.

பாலைப்பழப் பாணி காய்ச்சும் முறையை எங்கள் மூத்த அங்கத்தவர் ஒருவர் சொல்லித் தந்தார். வீட்டுத்தோட்டப் பொருள் இல்லை, காட்டுப் பழம் என்று நிர்வாக சபையில் ஆட்சேபம் வந்தது. ஆட்சேபித்தவர்தான் இரண்டு போத்தல் கொண்டுபோனார்.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சனம் போகும் வழியில் மேசை போட்டு விற்றோம். முறை போட்டு எழுதிய பட்டியலில் பத்துப் பெயர். மேசையில் நின்றது நானும் பொருளாளரும் பொருளாளரின் மகளும். விற்பனை குறையில்லை.

நவம்பர் கடைசியில், பிறகு பெங்கல் புயலாக மாறிய அந்தத் தாழமுக்க மழையில் வெள்ளம் வந்ததை நான் சொல்லத் தேவையில்லை. சந்தை இல்லை, மரக்கறி இல்லை. அந்த நாட்களில் பாயே போதும் என்றவர்களும் குடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் படலையில் நின்று “அக்கா, கொஞ்சம் வத்தல் இருக்குமோ?” என்று கேட்டார்கள். இருந்தது, கொடுத்தேன். கணக்கில் அது நன்கொடை என்று எழுதப்பட்டிருக்கிறது.

கணக்கு விடயம். வரவும் செலவும் கிட்டத்தட்டச் சமம், கையில் சிறு தொகை நிற்கிறது. பெட்டிக்கும் போத்தலுக்கும் பெரும்பங்கு போனது. 2024 சனவரியில் வற் (பெறுமதி சேர்) வரி 18 வீதமாக ஏறியதில் போத்தல் விலையும் ஏறியது. பற்றுச்சீட்டுகளைப் பொருளாளர் கொண்டுவந்திருக்கிறார், தேநீருக்குப் பிறகு விரும்பியவர்கள் பார்க்கலாம். ஒரு சில சீட்டுகள் மழையில் நனைந்துவிட்டன.

சந்தா மாதம் 50 ரூபா. ஒரு பிளேன்ரீ குடிக்கும் காசு. இதைக் கட்டாதவர்கள் கட்டியவர்களைவிட அதிகம். கட்டாதவர்களின் பெயரைப் பொதுக்கூட்டத்தில் வாசிப்பதில்லை என்று நிர்வாக சபை தீர்மானித்தது. அதற்கு எதிராகக் கை உயர்த்தியது நான் மட்டும் என்பதைப் பதிவு செய்கிறேன். ஆனால் அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப்பண விண்ணப்பத்துக்குச் சங்கத்தின் கடிதம் வேண்டும் என்று வரும்போது சந்தாப் புத்தகம்தான் முதலில் மேசைக்கு வரும். சரி, அதை இதோடு விடுகிறேன்.

தலைவி, பொருளாளர், கிராம அலுவலர், விவசாயப் போதனாசிரியர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஒலிபெருக்கி தந்தவர், தேநீர் ஊற்றியவர்கள் அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் அவர்களுக்கும்.

வரும் ஆண்டில் இரண்டாவது பெட்டி செய்ய வேண்டும், இம்முறை வேறு ஒருவர் வளவில். கடைகளுக்குக் கொடுப்பதென்றால் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு அமைய லேபல் ஒட்ட வேண்டும்: சேர்மானம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி எல்லாம் வேண்டும். சிங்களத்தில் பிழையில்லாமல் எழுதக்கூடிய பிள்ளை யாருடைய வீட்டிலாவது இருந்தால் சொல்லுங்கள். செயலாளர் பதவியைப் பொறுத்தவரை, வீட்டு வேலை, தோட்டம், பெட்டி, புத்தகம் எல்லாவற்றையும் ஒருத்தியே பார்ப்பது கஷ்டம். நேரமும் நல்ல கையெழுத்தும் உள்ள யாராவது முன்வந்தால் சந்தோசமாகப் புத்தகங்களைக் கொடுப்பேன். ஒருவரும் முன்வராமல் என் பெயரையே யாராவது பிரேரித்தால், உதவிச் செயலாளர் ஒருவரும் சேர்த்துத் தெரிவு செய்யப்பட வேண்டும் என்பது என் ஒரே நிபந்தனை.

கடைசியாகப் போத்தல். சங்கம் வாங்கிய கண்ணாடிப் போத்தல்களில் அரைவாசிக்கு மேல் இன்னும் திரும்பி வரவில்லை. சிலவற்றில் நல்லெண்ணெய் இருப்பதை நான் போன இடங்களில் கண்டிருக்கிறேன், கேட்கவில்லை. சித்திரைக்கு முன் கழுவி, வெயிலில் காயவைத்து, மண்டபத்தில் ஒப்படைக்கவும். மூடியோடு.

செயலாளர்