காவல் துவக்கும் குழல் நீளமும்

ஆசிரியர் அவர்கட்கு,

பயிர்க்காவல் துவக்குகள் பற்றிச் சென்ற வாரம் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரை, குழல் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் வெடி போகும் என்றும், ஆகவே 30 அங்குலக் குழலும், பெரிய ஈயக் குண்டுகள் அடங்கிய எஸ்.ஜீ. தோட்டாவுமே வன்னி விவசாயிக்கு ஏற்றவை என்றும் கூறியிருந்தது. அனுமதிப்பத்திரம் பெற்ற துவக்கோடு, பெரும்போக நெற்செய்கையான காலபோகந்தோறும் பரணில் காவலிருப்பவன் என்ற வகையில் இதை மறுக்க வேண்டியவனாக இருக்கிறேன்.

நீளக் குழல் பற்றிய எண்ணம் கருமருந்துக் காலத்தது. மெதுவாக எரியும் அம்மருந்துக்கு இடம் வேண்டியிருந்ததாலேயே வாய்வழியே மருந்திட்டு இடிக்கும் இடியன் துவக்கின் குழல் அவ்வளவு நீண்டிருந்தது. இன்றைய தோட்டாவிலுள்ள புகையில்லா மருந்தோ குழலின் முற்பாதியைத் தாண்டுமுன்பே பெரும்பாலும் எரிந்து தீர்ந்துவிடுகிறது. அதன் பின் குழல் ஓர் அங்குலம் கூடினால் சன்னத்தின், அதாவது தோட்டாவிலுள்ள ஈயக் குண்டின், வேகம் செக்கனுக்கு 5 முதல் 10 அடி வரையே கூடும். ஏறத்தாழ 1,200 அடி வேகத்தில் புறப்படும் சன்னத்துக்கு அது ஒரு பொருட்டே அல்ல. சன்னங்கள் சேர்ந்து போகுமா, சிதறிப் போகுமா என்பதைத் தீர்மானிப்பது குழல் வாயின் ஒடுக்கம். முழு ஒடுக்கமுள்ள குழல் 40 யார் (கசம்) தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் சிறு சன்னங்களில் ஏறத்தாழ 70 வீதத்தைச் சேர்க்கும். ஒடுக்கமே இல்லாத குழல் 40 வீதத்தைத்தான் சேர்க்கும்.

பறக்கும் பறவையைத் தொடர்ந்து குறிபார்ப்பவருக்கு நீளக் குழல் உதவும் என்பது உண்மை. ஆனால் இரவில் பன்றிக்குக் காவலிருப்பவருக்கு அதனால் இடைஞ்சலே மிகுதி. வரம்பில் வழுக்கிக் கால் இடறும்போது முதலில் சேற்றில் குத்துவது குழலின் வாய்தான். விரல் நுனியளவு சேறு அடைத்திருந்தாலும் வெடிக்கும்போது குழல் பிளந்துவிடக்கூடும். ஆகவே பரணில் ஏறியதும் துவக்கை மடக்கி, தோட்டாவைக் கழற்றி, பின்புறமிருந்து டோர்ச் வெளிச்சத்தில் குழலைப் பார்க்காமல் நான் எதையும் தொடங்குவதில்லை. 26 அல்லது 28 அங்குலக் குழலே நம் வயலுக்குப் போதுமானது.

எஸ்.ஜீ. பற்றிக் கட்டுரை சொல்லாமல் விட்டதே எனக்குப் பெருங்கவலை. 8.4 மில்லிமீற்றர் அளவுள்ள குண்டுகள், வழக்கமான பன்னிரண்டு போர் (குழல் விட்டத்தின் அளவு) தோட்டாவில் ஒன்பது அளவிலேயே இருக்கும். 35, 40 யாருக்கு அப்பால் அவற்றுள் ஒன்றோ இரண்டோ பன்றியில் பட்டால் அது சாகாது; அடிபட்டுப் பற்றைக்குள் கிடந்து, விடிந்ததும் அவ்வழியே விறகுக்குப் போகும் பெண்கள்மீது பாயும். தவறிய குண்டோ 600 மீற்றருக்கு மேலும் செல்லக்கூடியது, அந்தத் தூரத்துக்குள் பக்கத்து வயல்காரரின் காவல் கொட்டில் இருக்கிறது. பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தவறிய குண்டைப் பெரும்பாலும் நிலம் வாங்கிக்கொள்ளும். வரம்பில் படுத்துக் கிடையாகச் சுடுவதை எக்காரணங் கொண்டும் செய்யக்கூடாது. யானையை இத்தகைய குண்டால் சுடுவது சட்டத்துக்கும் புறம்பானது, மதிகேடுமானது. சீழ் பிடித்த காயத்தோடு திரியும் யானை மனிதரைக் கண்டால் விலகிப் போகாது.

குழல் நீளத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையின் நீளம். பழைய இங்கிலாந்துத் துவக்குகள் பலவற்றில் அது இரண்டரை அங்குலம், அதாவது ஏறத்தாழ 65 மில்லிமீற்றர். இன்று பரவலாக உள்ள தோட்டா 70 மில்லிமீற்றர். தோட்டாவில் பொறித்திருப்பது வெடித்து வாய் விரிந்த பின் உள்ள நீளம் என்பதால், வெடிக்காத 70 தோட்டா பழைய அறைக்குள்ளும் தடையின்றி நுழைந்துவிடும். வெடிக்கும்போது விரியும் வாய்க்கு இடமின்றி, அறையில் அழுத்தம் அளவுக்கு மீறி ஏறும். நுழைந்ததே பொருந்தியதற்கு அத்தாட்சி என்று நம்புகிறவர்கள் எங்கள் பகுதியில் நிறையப் பேர்.

மாவட்டச் செயலகத்தில் ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது, துவக்கின் இலக்கத்தோடு அறையின் நீளத்தையும் அளந்து பதிந்து, பொருந்தும் தோட்டா எது என்பதைத் தமிழில் எழுதிக் கொடுக்குமாறு அதிகாரிகளைத் தங்கள் பத்திரிகை வலியுறுத்த வேண்டும். அடுத்த காலபோக விதைப்புக்கு முன்னரே அது நடக்குமானால் பெரிதும் நன்று.

இங்ஙனம்,
விவசாயி ஒருவர்,
நெடுங்கேணி.