கடிகாரம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

டி.வி. போட்டிகளின் விதிகள் மாறுவதெல்லாம் ரேட்டிங்குக்காகத்தான் என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. கேள்விகளுக்கு விடை சொல்லிப் படிப்படியாகப் பணம் வெல்லும் கோடீஸ்வரன் வகைப் போட்டியைப் பொறுத்தவரை இது பாதிதான் சரி. முக்கியமான பல மாற்றங்கள் ஓட்டையை அடைக்க வந்தவை.

1998 செப்டம்பரில் பிரிட்டனின் ஐடிவியில் இது தொடங்கியபோது 15 கேள்விகள், மூன்று லைஃப்லைன்கள் (விடை தெரியாதபோது கேட்கும் உதவிகள்). நண்பரிடம் போனில் கேட்க 30 வினாடி. அந்த நேரத்தில் கலைக்களஞ்சியத்தை எடுத்துப் பக்கம் புரட்டி முடிக்க முடியாது. தெரிந்தவர்தான் விடை சொல்வார். இணையத் தேடல் வந்ததும் அதே 30 வினாடி தாராளமாகிவிட்டது. அமெரிக்காவில் 2010 ஜனவரியில் அந்த உதவியையே நீக்கினார்கள். பிரிட்டனில் 2018-இல் நிகழ்ச்சி மறுபடி வந்தபோது, நண்பரின் பக்கத்திலேயே தயாரிப்புக் குழு ஆளை உட்கார வைத்தார்கள். இதுதான் நல்ல தீர்வு. இந்திப் பதிப்பில் 2017-இல் போனுக்குப் பதில் வீடியோ அழைப்பு வந்தது. நண்பரின் கண் எங்கே போகிறது என்று பார்ப்பவர்களுக்கே தெரிந்துவிடும்.

2020-இல் கொரோனாவால் அரங்கில் பார்வையாளர் இல்லை. அதனால் இந்தியில் பார்வையாளர் வாக்கெடுப்பும் போயிற்று. அடுத்த ஆண்டு இரண்டும் திரும்பின.

என் வருத்தம், விடை சொல்ல நேரம் குறிக்கும் கடிகாரத்தில்தான். 2008-இல் அமெரிக்கப் பதிப்பு முதல் ஐந்து கேள்விகளுக்கு 15 வினாடி, அடுத்த ஐந்துக்கு 30, பதினொன்று முதல் பதினான்கு வரை 45 என்று வைத்தது. மிச்சமாகும் வினாடிகள் கடைசிக் கேள்வியில் சேரும். எளிய கேள்விகளை இழுத்தடிப்பதைத் தடுக்க இது சரி. ஆனால் மேலே போகப் போக, போட்டியாளர் வாய்விட்டு யோசிப்பதுதானே ஆட்டமே! பிரிட்டன் 2010-இல் முதல் ஏழு கேள்விகளோடு கடிகாரத்தை நிறுத்திக்கொண்டது. அந்த நிதானம் பாராட்டத்தக்கது.

அரங்கும் அந்த யோசனைக்காகவே அமைந்தது. தளம் ஒளி ஊடுருவும் அக்ரிலிக். அடியில் முகக்கண்ணாடி போல் பளபளக்கும் தாள் ஒட்டிய பெரிய தட்டு. கேள்வி வந்ததும் வெளிச்சம் இறங்கும். மேல்படிகளில் கேள்விக்குக் கேள்வி பின்னணி இசையின் சுருதி அரைக்கட்டை ஏறும். ஏன் பதற்றம் கூடுகிறது என்று கேட்பவருக்கே புரியாது. 2010-இல் அமெரிக்கா ஹாட் சீட்டை (போட்டியாளர் உட்காரும் நாற்காலியை) எடுத்துவிட்டு ஆளை நிற்க வைத்தது. நிற்பவர் எப்போதும் கிளம்பத் தயாராக இருப்பவர் போலத்தான் தெரிவார்.

சன் டி.வி.யில் 2000-இல் சரத்குமாரும், விஜய் டி.வி.யில் 2012-இல் சூர்யாவும் நடத்திய இந்தப் போட்டியைத் தமிழில் அடுத்து எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நாற்காலியை எடுக்காதீர்கள், பத்தாம் கேள்விக்கு மேல் கடிகாரம் வைக்காதீர்கள்.

- ஒரு வாசகர், திருச்சி