வெட்டிய காட்டின் வயதைப் பார்

அன்புள்ள மகளுக்கு,

கனடாவின் வான்கூவர் தீவில் மான் வேட்டைக்குப் புதிதாக மரம் வெட்டிய இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தாய். ஆகப் புதிதான இடத்தைத் தேடாதே பிள்ளை. போன வருடம் வெட்டிய கட்பிளாக்கில், அதாவது மரம் முழுக்க வெட்டிய துண்டு நிலத்தில், அடிக்கட்டைகளும் கழிவுக் கிளைகளும்தான் கிடக்கும், கறுப்புவால் மானுக்குத் தின்ன அதிகம் இராது. வெயில் தரையில் பட்டு ஃபயர்வீட் செடியும் ஹக்கிள்பெரிப் புதரும் காட்டு பிளாக்பெரிக் கொடியும் எழும்ப 2, 3 வருடம் வேண்டும். 3 முதல் 8 வயதுவரை உள்ள இடமே நல்லது. அதற்குப் பிறகு நட்ட டக்ளஸ் ஃபிர் மரங்கள் தலைக்கு மேல் போய்விடும். மான் 30 மீட்டரில் நின்றாலும் உனக்குத் தெரியாது. 15, 20 வருடத்தில் கிளைகள் கூடி வெளிச்சத்தை மறைத்தால் தரையில் தீனியும் போய்விடும்.

ஆகவே உனக்கு வேண்டியது வெட்டிய ஆண்டு. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசின் ஐமேப்பிசி இணைய வரைபடத்தில் கட்பிளாக் அடுக்கைப் போட்டுப் பார். அனுமதி மட்டும் கிடைத்து இன்னும் வெட்டாத இடங்களும் அதில் இருக்கும், எனவே அதை மட்டும் நம்பிப் போனால் முழுக் காட்டுக்குள் போய் நிற்பாய். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் சரிபார்த்துக்கொள். கோப்பர்னிக்கஸ் பிரௌசர் இணையதளத்தில் அது இலவசம், படத்தின் ஒவ்வொரு பிக்சலும் தரையில் 10 மீட்டர். 2016 தொடங்கி ஒவ்வொரு ஆகஸ்ட் படத்தையும் வரிசையாகத் திற. ஆகஸ்டில் மேகம் குறைவு, பனி இல்லை, மலை நிழலும் சின்னது. நவம்பர் படத்தில் வடக்குச் சரிவு முழுக்கக் கறுத்துக் கிடக்கும், ஒன்றும் பிடிபடாது. அகச்சிவப்பு நிறக் கலவையில் பச்சை மரம் சிவப்பாகவும் வெறும் மண் சாம்பல் நீலமாகவும் தெரியும். எந்த ஆகஸ்டில் சிவப்பு முதலில் மறைந்ததோ, அதற்கு முந்திய 12 மாதத்துக்குள் வெட்டியிருக்கிறார்கள். மண்சரிவும் அப்படித்தான் தெரியும். ஆனால் வெட்டிய இடத்துக்கு ஒரு பாதை போகும், விளிம்பு ஒழுங்காக இருக்கும். 2016க்கு முந்தியதற்கு லாண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன, அதில் ஒரு பிக்சல் 30 மீட்டர்.

தீவின் தென்கிழக்கில் கவனம். 1880களில் ரயில் பாதைக்காகக் கொடுத்த நிலத்தில் பெரும்பகுதி இன்றும் தனியார் காடு. அரசு அடுக்கில் அங்கே வெற்றிடங்கள் இருக்கும், பாதைகளில் கேட் இருக்கும். நில உரிமையாளரின் அனுமதி கைக்கு வரும்வரை அந்தப் பக்கம் போகாதே.

5, 6 இடங்களைத் தெரிந்து, ஆண்டையும் சரிவின் திசையையும் எழுதி, ஃபோனில் ஆஃப்லைன் வரைபடமாக இறக்கிவை. உள்ளே சிக்னல் கிடையாது. கிளைப் பாதையின் நடுவே படத்தில் பச்சைக் கோடு தெரிந்தால் ஆல்டர் மரம் முளைத்துவிட்டது, வாகனம் போகாது. மூடிய பாதைகளில் குறுக்கே வெட்டிய கால்வாய்களும் இருக்கும். அங்கிருந்து நடக்க வேண்டியதுதான். மரலாரி ஓடும் பாதையில் ரேடியோ இல்லாமல் ஏறவே கூடாது. பாதைத் தொடக்கப் பலகையில் சேனல் எழுதியிருக்கும். பாதையின் பெயர், கிலோமீட்டர், மேலே போகிறாயா கீழே வருகிறாயா என்று சொல்லிக்கொண்டே போ. அப்பா உன்னைக் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றுதான்.

இடத்துக்குப் போனதும் சுவட்டைவிடத் தளிர்களைக் குனிந்து பார். மானுக்கு மேல்முன் பற்கள் இல்லை, அதனால் பிடித்து இழுத்துத்தான் தின்னும். தண்டின் நுனி நார்நாராகக் கிழிந்திருக்கும். கத்தியால் சீவியதுபோல் சாய்வாக இருந்தால் அது முயல். கிழிந்த இடம் ஈரமாகவும் வெளிறியும் இருந்தால் புதிது, பழுப்பாகியிருந்தால் பழையது. நட்ட சீடார் மரக் கன்றுகளுக்கு பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருந்தால், அங்கே மான் தொல்லை என்று நட்டவர்களே சொல்லிவைத்த மாதிரி.

காரை மரம் குவிக்கும் வெளியில் கொண்டுபோய் நிறுத்தாதே. அரை கிலோமீட்டர் முன்னாலேயே விட்டு நட. வெயில் ஏறிய பிறகு காற்று சரிவில் மேலேறும், அப்போது மேல் விளிம்பில் உட்கார். மாலையில் குளிர்ந்து கீழிறங்கும், அப்போது கீழே. மான் வெட்டவெளியின் நடுவில் நிற்பது அபூர்வம். பழைய காடு தொடும் விளிம்பை பைனாகுலரால் அங்குலம் அங்குலமாகப் பார். முழு மானையும் தேடாதே, ஒரு காது அசைந்தால் போதும்.

மாகாண வேட்டை விதிகளில் தீவு முழுவதும் 1ஆம் பிராந்தியம். உன் இடம் எந்த உட்பிரிவில் வருகிறது, அங்கே சீசன் எப்போது என்பதை இந்த வருட விதிப் புத்தகத்தில் பார்த்துக்கொள். தெரிந்தெடுத்த இடங்களை எனக்கு அனுப்பு, ஆகஸ்ட் படங்களை நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா