காப்பகம் கட்டுவதற்கு முன் ஒரு பிரதி அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நம் தேயிலைத் தோட்டத்து மக்களின் மலையகத்துக்கென்று தனியாக ஓர் ஆவணக் காப்பகம் கட்ட வேண்டும் என்று சென்ற வாரம் உங்கள் பக்கத்தில் ஹப்புத்தளை வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கட்டட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் காணி தேடி, அமைச்சரைப் பிடித்து, அடிக்கல் நாட்டி, கூரை போட்டு முடிக்கும்வரை நம் வீட்டு அலுமாரிகளுக்கு அடியில் கிடப்பவை பொறுத்திருக்குமா? பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே ஒரு நூலகம் இருக்கிறது. பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரம். அதற்கு நாம் இதுவரை எதைக் கொடுத்தோம் என்பதுதான் என் கேள்வி.

கேட்கும் தகுதி எனக்குக் குறைவுதான். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் என்னிடம் உயர்தரத்தில் தமிழ் படித்த பிள்ளை ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். இப்போது பேராதனையில் தமிழ் சிறப்புக் கலை செய்கிறாள். ஆய்வேட்டுக்கு எடுத்த விஷயம் நம் பக்கத்துத் தோட்டங்களில் காமன், ரதி கதையைப் பாடி ஆடும் காமன் கூத்து. "சேர், நம்ம ஸ்கூல் மலர் ஒண்ணு உங்ககிட்ட இருக்கா? லைப்ரரி கம்ப்யூட்டர்ல நாலு விதமா எழுதித் தேடிட்டேன், வரல்ல" என்றாள். வராது. அந்த மலரின் தொகுப்பாசிரியர் நான். ஐந்நூறு பிரதி அடித்தோம். மேடையில் இருந்தவர்களுக்குப் பொன்னாடையோடு ஒன்று, விளம்பரம் தந்த நகைக்கடைக்கும் ஹாட்வெயார்க் கடைக்கும் ஒவ்வொன்று, பிள்ளைகளுக்கு விற்றது போக மிச்சம் அதிபர் அறை மூலையில். நூலகத்துக்கு ஒன்று போக வேண்டும் என்று எங்கள் குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

என்னிடம் இருந்தது ஒரே பிரதி. ரேடியோ வைக்கும் அலுமாரிக்கு அடியிலிருந்து இழுத்தெடுத்தேன். நம் ஊர் ஈரத்துக்குக் கம்பிப் பின் என்ன ஆகும் என்று சொல்லவா வேண்டும்? துருப்பிடித்து, நடுத்தாள்கள் கழன்று, விளிம்பெல்லாம் இராமபாணப் பூச்சி அரித்த சல்லடை. 31ஆம் பக்கத்திலிருந்து 38 வரை தாளே இல்லை. அந்த எட்டுப் பக்கத்தில்தான் நாற்பது வருடம் ரதி வேஷம் கட்டிய தாத்தா ஒருவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய காமன் பாட்டுகள் இருந்தன. கம்பம் ஊன்றுவதிலிருந்து தகனம் வரை வரிசையாகச் சொன்னார். சொல்லி மூன்று வருடத்தில் அவரும் போய்விட்டார். கையெழுத்துப் பிரதியை அச்சகத்தில் கொடுத்தேன், திருப்பி வாங்கவில்லை.

அரிபட்டதை எடுத்துக்கொண்டு ஹட்டனில் கண்டி பஸ் ஏறினேன். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை தாண்டி, தாவரவியல் பூங்காவுக்குக் கிட்ட இறங்கி, கலஹா வீதியில் நடந்தேன். கொழும்பில் 1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் இங்கே, பேராதனைக்குக் குடிவந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்த வளாகமும் இதுதான். அங்கே ஒரு மலையகப் பிள்ளை கூத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அதில் புதுமை ஒன்றும் இல்லை. அவளுக்கு முன்னால் வைக்கத்தான் நம்மிடம் தாள் இல்லை.

இரண்டு மணித்தியாலம் அவளோடு உட்கார்ந்திருந்தேன். நூலகத்தில் நூல்களைப் பொருள்வாரியாக அடுக்கும் எண்முறையில் தேயிலைக்கு எண் 633.72, தமிழ் இலக்கியத்துக்கு 894.811. கொழுந்து ஒரு தட்டில், கொழுந்து பறித்தவர் மகன் எழுதிய கதை வேறொரு தட்டில். அது நூலகரின் குற்றமல்ல, உலகம் முழுக்க அந்த எண்முறை அப்படித்தான். பழைய ஃபெர்குசன் டிரெக்டரிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தோட்டத்தின் பெயர், எத்தனை ஏக்கர், சொந்தக்காரர் யார், நிர்வகித்த துரை யார் என்று வருடா வருடம் அச்சிட்டு வைத்தார்கள். அந்த ஏக்கர்களில் வேலை செய்தவர்களின் பெயர் அதில் கிடையாது. அவர்கள் பெயர் எதில் இருக்கிறது? கும்பாபிஷேக மலரின் உபயகாரர் பட்டியலில் இருக்கிறது. சங்கத்துத் துண்டுப் பிரசுரத்தில், பாடசாலை மலரில், மரண வீட்டு முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் இருக்கிறது. இவற்றைத்தான் நாம் திருவிழா முடிந்ததும் கடலை சுற்றக் கொடுக்கிறோம்.

சட்டம் ஒன்று இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. இந்த நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதிகளை அரசிடம் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும் என்பது 1885இலிருந்து உள்ள ஏற்பாடு. அச்சகத்தார் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் பிரதிகளைக் கொடுக்க வேண்டும். பங்கு பெறும் நூலகங்களில் பேராதனையும் ஒன்று. சின்ன அச்சகத்தில் கேட்டால், "அது பெரிய புத்தகத்துக்குத்தானே அண்ணே" என்பார்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். நம் எழுத்தாளர் பலர் சென்னையில் அச்சடித்து இங்கே கொண்டுவருகிறார்கள். அங்கே அச்சாவதை இங்கே உள்ள அச்சகத்தார் எப்படி ஒப்படைப்பார்? எழுதியவர்தான் பொதியைக் கட்டி அனுப்ப வேண்டும். வெளியீட்டு விழாவில் முதற் பிரதி, சிறப்புப் பிரதி என்று முப்பது பேரை மேடைக்கு அழைக்கிறோமே, முப்பத்தோராவதாக நூலகரின் விலாசத்தை வாசித்தால் என்ன?

அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். தயவுசெய்து வருடத்தைப் போடுங்கள். நம் மலர்களில் ஆசிச்செய்தி பன்னிரண்டு பக்கம் இருக்கும், அச்சிட்ட வருடம் எங்கும் இருக்காது. ஊர், வெளியிட்டவர், அச்சகம், பக்க எண் இவ்வளவும் இருந்தால்தான் பட்டியலில் ஏற்றுகிறவருக்கு வேலை சுலபம். நூலாக வெளியிடுகிறவர்கள் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் ஐ.எஸ்.பி.என். என்ற சர்வதேச நூல் எண்ணை எடுக்கலாம். மலையகம் என்ற சொல்லையே ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். எந்தப் பெரிய நூலகத்தின் கணினியிலும் அந்தப் பிள்ளை நாலு விதமாகத் தேட வேண்டியிருப்பது அதனால்தான். உள்ளட்டையில் தலைப்பை ஒருமுறை ஆங்கில எழுத்திலும் போட்டுவிட்டால் தேடுகிறவருக்கு அரைவாசி வேலை மிச்சம். விளம்பரப் பக்கங்களைக் கிழித்துவிட்டு அனுப்ப வேண்டாம். நாற்பது வருடத்துக்கு முன் ஹட்டன் கடைவீதியில் யார் யார் என்ன விற்றார்கள் என்பது வேறெங்கே கிடைக்கும்?

கையில் ஒரே பிரதிதான் இருக்கிறது, கொடுக்க மனமில்லை என்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 77, 83 இனக்கலவரங்களில் வீட்டோடு எல்லாம் எரியக் கண்டவர்கள் ஒரு தாளைக்கூட இறுக்கித்தான் பிடிப்பார்கள். அவர்கள் 2005இலிருந்து இயங்கும் 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத்தாரோடு பேசிப் பார்க்கலாம். மின்வருடி எடுத்துப் பதிவேற்றினால் தோட்டத்து லயன் வீட்டுப் பிள்ளையும் கையிலிருக்கும் ஃபோனில் வாசிக்கலாம். ஆனாலும் தாளின் இடத்தில் படம் போதும் என்று நான் நினைக்கவில்லை. பழைய ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து இருநூறு வருடம் ஆனதற்காக 2023இல் மலையகம் 200 என்று ஊருக்கு ஊர் விழா எடுத்தோம். அவர்கள் வந்த வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்த வருடத்தில் வந்த மலர்களில் என் கைக்கு வந்தவை மட்டும் ஏழு. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவர்களைத் தொலைபேசியில் கேட்டேன். பேராதனைக்கு அனுப்பியதாகச் சொன்னவர் ஒருவர். மற்றவர்கள், "நல்ல யோசனை சேர்" என்றார்கள்.

கடைசியாக, உங்கள் இடத்தை என் சொந்தக் காரியத்துக்கும் கொஞ்சம் பயன்படுத்திக்கொள்கிறேன். பச்சை அட்டை, முகப்பில் தண்டவாளத் துண்டில் தொங்கும் பாடசாலை மணியின் கோட்டுப் படம், பின்னட்டையில் டிக்கோயா புடவைக் கடை ஒன்றின் விளம்பரம். பாடசாலையின் பெயரை எழுதவில்லை, மணியைச் சொன்னாலே அன்று படித்த பிள்ளைகளுக்குத் தெரியும். யாரிடமாவது அந்த மலர் இருந்தால் உங்கள் காரியாலயம் மூலம் எனக்கு அறிவியுங்கள். முழுதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, 31 முதல் 38 வரை இருந்தால் போதும். பிள்ளை மார்கழிக்குள் ஆய்வேடு கொடுக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கொட்டகலை