இன்ஜினுக்கு முன்னால் தகரத்தைப் பார்

அன்புள்ள மகளுக்கு,

வாங்கலாமா என்று கேட்டு நீ அனுப்பிய இரண்டு பழைய அமெரிக்கக் கார் விளம்பரங்களையும் பார்த்தேன். ஃபோர்டின் 1966 மஸ்டாங் ஒன்று, செவியின் (செவ்ரோலே) 1970 செவெல் எஸ்எஸ், அதாவது சூப்பர் ஸ்போர்ட், ஒன்று. (மஸ்டாங்கை மசில் கார், அதாவது பெரிய இன்ஜின் போட்ட வேகக் கார், என்றால் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு, அது அளவில் சின்ன ரகமான போனி கார் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.) இரண்டு விளம்பரத்திலும் பானட்டைத் திறந்து, துடைத்துப் பளபளப்பாக்கிய இன்ஜினைத்தான் படம் படமாகப் போட்டிருக்கிறார்கள். அடிப்பக்கத்தைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. செவியின் 350, ஃபோர்டின் 289 (எண் கன அங்குலத்தில் இன்ஜினின் அளவு) மாதிரி எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின்களைப் பிரித்து மாட்ட ஆளும் சாமானும் அமெரிக்காவில் எங்கேயும் கிடைக்கும். துரு தின்ற பாடியைச் சரிசெய்யப் போனால் காரின் விலையை விடச் செலவு அதிகமாகிவிடும். அதிலும் நீ இருப்பது ஒஹையோ. பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்புப் போடுகிற ஊரில் ஓடிய கார் என்றால் முதல் சந்தேகம் தகரத்தின் மேல்தான் வரவேண்டும்.

ஃப்ரிட்ஜ் காந்தம் ஒன்று, மெல்லிய துணி, டார்ச், தரையில் விரித்துப் படுக்க ஒரு அட்டை, ஒரு சொம்பு தண்ணீர். இவ்வளவும் கையோடு கொண்டு போ. காந்தத்தைத் துணியில் சுற்றி, பின்சக்கர வளைவின் ஓரம், கதவின் கீழ் விளிம்பு, முன் ஃபெண்டரின் (முன்சக்கரத்தை மூடும் பக்கத் தகரம்) பின்பக்கக் கீழ்மூலை ஆகிய இடங்களில் வைத்துப் பார். கூரையில் ஒட்டுகிற மாதிரி அங்கே ஒட்டாமல் வழுக்கினால் உள்ளே கனமாகப் பட்டி பூசியிருக்கிறார்கள். கூரையின் மேல் தோல் மாதிரி வினைல் ஒட்டிய கார் என்றால் பின்கண்ணாடியின் அடிவிளிம்பை விரலால் அழுத்து. வினைலுக்கு அடியில் தண்ணீர் தேங்கி அந்த இடம்தான் முதலில் உளுத்துப்போகும். அடிப்பக்கம் முழுக்கப் புத்தம்புதுக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தோஷப்படாதே. விற்பதற்கு முந்தின வாரம் அடித்ததாக இருந்தால் எதையோ மூடத்தான் அடித்திருப்பார்கள்.

அந்தத் தண்ணீர் மஸ்டாங்குக்காக. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று போக வரிவரியாகத் திறப்பு இருக்கும், அதற்குள் இருக்கும் பெட்டியைக் கவுல் என்பார்கள். இலை தழை விழுந்து அங்கே ஈரம் தங்கும். உள்ளே காற்றுக் குழாயைச் சுற்றி நிற்கும் விளிம்பு துருப்பிடித்து ஓட்டையாகும். இடப்பக்கம் பாதி, வலப்பக்கம் பாதி எனச் சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்று. முன்சக்கரத்துக்குப் பின்னால் கீழே வடிந்தால் நல்லது. டேஷ்போர்டுக்கு அடியில், கால் வைக்கும் இடத்தில் சொட்டினால் கவுல் போய்விட்டது. கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தால் தரைத் தகரமும் அநேகமாகப் போயிருக்கும். அந்தக் கவுல் இரண்டு அடுக்குத் தகரம். சரிசெய்ய வேண்டுமென்றால் ஃபெண்டர்களைக் கழற்றி, ஸ்பாட் வெல்டை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்து மேல்தகரத்தைப் பிரிக்கவேண்டும். "சும்மா ரப்பர்தான் மாத்தணும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடு.

மஸ்டாங்குக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியே சேஸிஸ். அதனால் அடியில் ரெயில் என்று ஓடும் நீளச் சட்டங்களும், முன் ரெயில் பாடியோடு சேரும் டார்க் பாக்ஸ் (torque box) என்ற தகரப் பெட்டியும் உளுத்திருந்தால் கார் நடுவில் தொய்யும். கதவு இடுக்கு மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் இருந்தாலோ, கதவைத் திறக்கும்போது ஒரு விரற்கடை கீழே இறங்கினாலோ கவனி. (கீல் தேய்ந்திருந்தாலும் இறங்கும். கதவைப் பிடித்து மேலே தூக்கி ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.) செவெல் வேறு ஜாதி, அதற்குத் தனி ஃபிரேம், அதாவது அடிச்சட்டம், உண்டு. பின்சக்கரத்தின் மேலும் பின்னாலும் ஃபிரேம் வளைந்து போகும் இடத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டு. டிக்கித் தரையையும் பார்த்துவிடு.

அடுத்தது நம்பர், அதாவது தொழிற்சாலையில் காருக்குப் போட்ட அடையாள எண் (VIN). மஸ்டாங்கில் ஐந்தாவது எழுத்து இன்ஜினைச் சொல்லும். சி (C) என்றால் 289 இன்ஜினும் இரண்டு பேரல், அதாவது காற்று போக இரண்டு துளை உள்ள, கார்புரேட்டரும், ஏ (A) என்றால் அதே இன்ஜினில் நாலு பேரல், டி (T) என்றால் ஆறு சிலிண்டர் 200. கதவுத் தகட்டில் இருக்கும் நம்பரும், பானட்டுக்கு உள்ளே டிரைவர் பக்க ஏப்ரனில் (ஃபெண்டரின் உள்பக்கத் தகரம்) அச்சடித்த நம்பரும், டைட்டிலில் (உரிமைப் பத்திரம்) உள்ளதும் ஒன்றாக இருக்கவேண்டும். சக்கரத்தில் நாலு நட்டு மட்டும் இருந்தால் அது ஆறு சிலிண்டராகப் பிறந்த கார், வி8க்கு ஐந்து. பிறகு வி8 ஏற்றியிருந்தாலும் பிரேக்கும் பின் ஆக்ஸிலும் பழைய மெல்லியதாகவே நின்றிருக்கலாம்.

செவெல் விஷயத்தில்தான் ஏமாற்று அதிகம். 1970இல் எஸ்எஸ் என்பது தனி மாடல் இல்லை, செவெல் வரிசையில் உள்ள மாலிபுவின் மேல் கூடுதலாக வாங்கும் ஆப்ஷன். சாதா வி8 மாலிபு கூப்பேயின் (இரண்டு கதவுக் கார்) நம்பரும் 13637 என்றுதான் தொடங்கும், எஸ்எஸ்ஸின் நம்பரும் அப்படியேதான். பேட்ஜும் கோடும் கிரில்லும் கடையில் கிடைக்கும். நம்பத்தகுந்த சாட்சி தொழிற்சாலையின் பில்ட் ஷீட், அதாவது காரில் என்னென்ன மாட்டவேண்டும் என்று எழுதிய தாள். சில கார்களில் பெட்ரோல் டேங்கின் மேலோ சீட்டு ஸ்பிரிங்கிலோ ஒட்டிக்கொண்டு பிழைத்திருக்கும். "நம்பர் மேட்சிங்", அதாவது காரோடு வந்த அதே இன்ஜின், என்று எழுதியிருந்தால், பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் இருக்கும் சின்ன மேடையைத் துடைத்து டார்ச் அடி. அங்கே இருக்கும் எண்ணின் கடைசி இலக்கங்கள் காரின் நம்பரோடு ஒத்துப்போகவேண்டும். எழுத்துக்கு அடியில் இணையாக ஓடும் மெல்லிய கடைசல் கோடுகளும் தெரியவேண்டும். மேடை வழவழவென்றிருந்து எழுத்து மட்டும் புதிதாக இருந்தால், தேய்த்துவிட்டு மறுபடி குத்தியிருக்கலாம். ஆன்லைனில் நம்பரைப் போட்டு விபத்து வரலாறு தேடும் சேவைகள் இங்கே உதவாது. 17 இலக்க நம்பர் வந்ததே 1981 மாடலிலிருந்துதான். டைட்டில் விற்கிறவர் பெயரில் இல்லையென்றால் பேரமே பேசாதே.

நேரில் போகும் அன்றைக்கு, நீ வரும்வரை ஸ்டார்ட் செய்யவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. சூடான இன்ஜின் பல குறையை மறைக்கும். போனதும் பானட்டைத் தொட்டுப் பார். ஸ்டார்ட் ஆனவுடன் கொஞ்சம் நீலப் புகை வந்து நின்றால் வால்வு சீல், பெரிய செலவில்லை. ஓட்டும்போது முடுக்கினால் நீலப் புகை என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. வெள்ளைப் புகை நிற்காமல், இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது, ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போனதாக இருக்கலாம். மெக்கானிக்கை அழைத்துப்போனால் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்கச் சொல். எல்லா பிளக்கும் வெளியே, த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்க, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்து சுற்று. அளவு எவ்வளவு என்பதைவிட எட்டு சிலிண்டரின் அளவும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதே முக்கியம். மிகக் குறைந்தது, மிக அதிகமானதில் முக்கால் பங்குக்குக் கீழே போகக்கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கும்போது ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கும்.

பிரேக்தான் எனக்குக் கவலை. 1966 மஸ்டாங்கில் பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை. ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இருக்காது. இரட்டை அறை 1967 மாடலிலிருந்துதான் வந்தது. முன்னால் டிரம் என்றால் இறக்கத்தில் இரண்டு மூன்று தடவை அழுத்தினதும் பிடிப்பு மங்கும், தண்ணீரில் நனைந்தால் ஒரு பக்கம் இழுக்கும். இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் முன் டிஸ்க்கும் முழு செட்டாகவே கிடைக்கின்றன. போட்டுவிட்டுத்தான் ஹைவேக்குப் போகவேண்டும். டயரின் பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் எண்ணின் கடைசி நாலு இலக்கம் அது தயாரான வாரமும் வருஷமும். 2312 என்றால் 2012ஆம் வருஷம் 23ஆம் வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் பத்து வருஷம் தாண்டியது குப்பைதான். பெட்ரோல் ஹோஸ் பழையதென்றால் எத்தனால் கலந்த பெட்ரோல் அதை அரித்துக் கசியவிடும், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கசிவது விளையாட்டில்லை. வால்வைத் திறந்து மூடும் கேம் இன்னும் பழைய ஃப்ளாட் டாப்பெட் (தட்டையான டாப்பெட்) மாதிரியில் ஓடுகிறதென்றால் துத்தநாகம் கூடுதலாக உள்ள ஆயில் ஊற்று, இல்லாவிட்டால் கேம் லோப் தேயும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் இன்ஷூரன்ஸுக்குப் போன் போடு. பழைய கார் பாலிசிகளில் மதிப்பை முன்னமே பேசி எழுதிக்கொள்வார்கள், அது நல்லது. ஆனால் தினசரி ஓட்ட வேறு கார் இருக்கவேண்டும், பூட்டிய கராஜில் நிற்கவேண்டும் என்று பெரும்பாலும் கேட்பார்கள். லைசென்ஸ் எடுத்துச் சில வருஷமே ஆனவர்களைச் சேர்க்க யோசிப்பார்கள்.

என்னைக் கேட்டால், எஸ்எஸ் பேட்ஜுக்குக் காசு கொட்டாதே. 350 இன்ஜினும் ஆட்டோமேட்டிக் கியரும் உள்ள சாதா மாலிபு கிடைத்தால் அதையே பார், ஓட்டிப் பழக அது போதும், சேட்டை செய்தாலும் தாங்கும். மஸ்டாங்கில் சி எழுத்தும் ஐந்து நட்டும் இருந்து, தண்ணீர் சோதனையிலும் தேறினால் அதுவும் சரி. எதை வாங்கினாலும் கையில் இருப்பதில் கால் பங்கை எடுத்துத் தனியே வை. டயர், ஹோஸ், பிரேக், மூன்று முனை சீட் பெல்ட் எல்லாம் முதல் வருஷத்திலேயே கேட்கும். 1966இல் இடுப்பு பெல்ட் மட்டும்தான்.

அன்புடன்,
அப்பா