போனில் சொல்லாமல் நடந்து போன தம்பிக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

எங்கள் உதைபந்தாட்ட டீம் கீப்பர் நேற்றுப் பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் ஆலாத்தி சுற்றிப்போட்டுத்தான் உள்ளே விட்டார்கள். இரவு இரண்டு ரொட்டி சாப்பிட்டானாம். சம்பலில் உறைப்புப் பத்தவில்லை என்று அம்மாவிடம் குறை சொன்னானாம். அவன் குறை சொன்னான் என்று கேட்ட பிறகுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒன்பது நாளாக எழுத வராத கை, இன்றைக்குத்தான் எழுத வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெட்ச்சில் அவனும் எதிரணித் தம்பி ஒருவனும் மோதி, அவன் தலையில் அடிபட்டு விழுந்தது மஸ்கெலியாவிலிருந்து பொகவந்தலாவை வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். யாரோ எடுத்த பதினைந்து செக்கன் வீடியோ ஒன்று போன் போனாகச் சுற்றுகிறது. அதைப் பார்த்துவிட்டு, நீல ஜெர்சி போட்ட அந்தத் தம்பி வேண்டுமென்றே மோதினான் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். நான் அந்த இடத்திலிருந்து பத்து அடி தள்ளி நின்றேன். அது பொய்.

அன்றைக்கு அடித்த காற்று அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும். சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் மே மாத வெசாக்கோடு முடிந்தால், அப்புறம் எங்கள் பக்கத்தில் காற்றுக்குத்தான் சீசன். காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீருக்கு மேலாக வந்து, கிரவுண்டுக்குக் கீழே உள்ள தேயிலையை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்த்துக்கொண்டு ஏறியது. கோர்ணர் அடிக்க வைத்த பந்து மூன்று தடவை உருண்டு ஓடியது. கடைசியில் குதியால் மண்ணைக் கிளறிப் பள்ளம் செய்து வைத்தோம். நல்ல பந்து என்றாலே 410 முதல் 450 கிராம்தான். அந்தக் காற்றுக்கு அது எம்மாத்திரம்? டாஸில் வென்று முதல் பாதிக்குக் காற்றை எங்கள் முதுகுக்கு எடுத்தது நான். அப்படியென்றால் இரண்டாம் பாதியில் அது எங்கள் முகத்துக்கு வரும் என்று தெரிந்துதான் எடுத்தேன். எங்கள் பின்வரிசைப் பையன் மேலே தூக்கி அடித்த பந்து, போன உயரத்திலேயே நின்று, எங்கள் பக்கமே திரும்பி இறங்கியது. எங்கள் கீப்பரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் ஓடி வந்தான். அந்தத் தம்பியும் அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் ஓடி வந்தான். இரண்டு பேரும் பார்த்தது பந்தை. ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இவ்வளவுதான் நடந்தது. அந்த வீடியோவை வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

இந்த மடலே முக்கியமாக அந்தத் தம்பிக்குத்தான். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், அதனால் போடவில்லை.

கீப்பர் விழுந்து, கழுத்தை அசைக்காதீங்க என்று யாரோ கத்தி, 1990 அம்புலன்ஸுக்கு அடித்து, எல்லாம் ஒரே களேபரம். அந்த நேரத்தில் எனக்கு வந்த ஒரே நினைப்பு அவன் அம்மா. அவர் தனியாக இருக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை வேலையில்லை, வீட்டில்தான் இருப்பார். நம்பர் என் போனில் இருந்தது. எடுத்துவிட்டேன், அழுத்தப் போனேன். அப்போது ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. பார்த்தால் அவன். நெற்றியில் அவனுக்கும் வெட்டு, புருவத்தில் ரத்தம் உறைந்திருக்கிறது.

“அண்ணே, போன்ல சொல்லாதீங்க. எங்கப்பா விஷயத்த எங்கம்மாவுக்குப் போன்லதான் சொன்னாங்க. இப்பவும் போன் அடிச்சா அதுக்குக் கை நடுங்கும். வீடு எதுன்னு சொல்லுங்க, நான் போறேன்.”

ரோட்டால் போனால் முக்கால் மணி நேரம். ஏழாம் நம்பர் தேயிலை மலைக்குள்ளால் குறுக்கே இறங்கினால் இருபது நிமிஷம். கோயிலுக்குக் கீழ் லயம், கடைசிக்கு முந்தின காம்பரா வீடு, வாசலில் செவ்வரத்தை நிற்கும் என்று சொன்னேன். அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் நான் பார்த்ததில்லை. வார்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தபோது அம்மா சொன்னது. நாலைந்து தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரித்தான் சொன்னார்.

மலையை ஓடியே இறங்கியிருக்கிறான். ஆனால் லயம் தெரிகிற வளைவுக்கு வந்ததும் நின்றுவிட்டான். தண்ணீர்ப் பீலியில் முகத்தையும் புருவத்தையும் கழுவி, மூச்சு அடங்கும் வரைக்கும் நின்று, அதற்கப்புறம் நடந்தே வந்திருக்கிறான். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். லயத்துக்குள் ஒரு ஆள் ஓடி வந்தால் அது எப்படிப்பட்ட சேதி என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் தலை வெளியே வரும். சேதி வாயைத் திறக்கும் முன்னாலேயே அழுகை ஆரம்பித்துவிடும்.

அம்மா அடுப்படியில் இருந்திருக்கிறார். முன் திண்ணை இஸ்தோப்பில் பூட்ஸ் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், சேறு அப்பிய பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துக்கொண்டு ஒரு பையன். நீல ஜெர்சி.

“மெட்ச் முடிஞ்சிருச்சா தம்பி? யாரு வென்டது?”

“மெட்ச்ச நிப்பாட்டிட்டோம்மா. குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க.”

தண்ணீர் கொடுத்தார். அவன் அதை முழுதாகக் குடித்தான். செம்பைக் கீழே வைத்தான். “நீங்களும் உக்காருங்கம்மா” என்று சொல்லி, அவர் உட்கார்ந்த பிறகு, அவருக்கு நேரே குந்தி உட்கார்ந்து சொன்னானாம்:

“தம்பி மூச்சு நல்லா விடுறாரு. நான் கையப் புடிச்சப்ப திருப்பிப் புடிச்சாரு. அதப் பாத்துட்டுத்தான் வாறேன். தலையில அடி பட்டிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க. நாம போவோம், நான் கூட்டிட்டுப் போறேன்.” அதற்கப்புறம், கொஞ்சம் விட்டு, “என் மேல பட்டுத்தாம்மா விழுந்தாரு.”

அந்தக் கடைசி வசனத்தை அவன் சொல்லியே இருக்கத் தேவையில்லை. யாரும் அவனைக் கேட்கவில்லை. பிறகு யாராவது சொல்லட்டும் என்று விட்டிருக்கலாம். அம்மா என்னிடம், “அத அந்தப் புள்ளையே சொன்னதாலதான் மத்ததையும் நம்புனேன். மூச்சு விடுறான்னு சொன்னத நம்புனேன். இல்லாட்டி எல்லாரும் மறைக்கிறாங்கன்னுதான் நினைச்சிருப்பேன்” என்றார். இதை நான் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன். என் போனில் நான் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? “ஒன்னுமில்லம்மா, பயப்படாதீங்க, சின்ன அடிதான்” என்றுதான் சொல்லியிருப்பேன். அப்படிச் சொன்னால் யார்தான் பயப்படாமல் இருப்பார்கள்?

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவன்தான் உள்ளே போய் அடுப்பிலிருந்த சோற்றுச் சட்டியை இறக்கி வைத்து, விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்திருக்கிறான். அந்தக் காற்றுக்கு அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பிறகு அவன் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எடுத்து ஒரு பையில் போட்டிருக்கிறான்: கீப்பரின் அடையாள அட்டை, ஒரு சாரம், துவாய், பிளாஸ்க், கோப்பை, போன் சார்ஜர், அம்மாவுக்கு ஒரு சுவெட்டர். வார்டில் கிடந்தவர்களுக்குத் தெரியும், முதல் இரவில் கோப்பை இல்லாமல் படுகிற பாடு. இருபத்தொரு வயதுப் பையனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். “அப்பாவோட ஒன்றரை மாசம் நின்னேன் அண்ணே” என்றான். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

ஆட்டோ பிடித்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். எங்கள் பையன்களில் ஒருவன், ஆத்திரத்தில், அவனை நோக்கிப் போனான். அம்மாதான் இடையில் வந்து நின்றார். “இது என்னைக் கூட்டிட்டு வந்த புள்ள” என்றார். அவ்வளவுதான், எல்லோரும் அடங்கிவிட்டோம். அப்போதுதான் கவனித்தேன், அவன் காலில் ஒன்றுமில்லை. சிமெந்துத் தரையில், அந்தக் குளிரில், வெறுங்காலோடு நின்றான். பூட்ஸை இஸ்தோப்பிலேயே மறந்து விட்டுவிட்டு வந்திருக்கிறான். ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வரும் வரைக்கும் அப்படியேதான் நின்றான்.

மற்ற எல்லோருக்கும் இந்தக் கடிதத்தில் தனித்தனியாக இடம் இல்லை, மன்னியுங்கள். மெட்ச் பார்க்க வந்து, அம்புலன்ஸ் வரும் வரைக்கும் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கையும் கம்பளியையும் விரித்துப் பிடித்துக் காற்றுக்கு மறைப்பாகச் சுற்றி நின்ற அக்காமார், கீப்பரைத் தூக்கி ஆட்டோவில் போடுவோம் என்று நாங்கள் பதறியபோது தொடவே விடாமல் நிறுத்திய டிஸ்பென்சரி ஐயா, விசில் ஊதி அந்த நிமிஷமே ஆட்டத்தை நிறுத்திய ரெப்ரி, காசு வாங்காமல் காப்பாற்றிக் கொண்டுபோன 1990 சுவசெரிய அம்புலன்ஸ் பிள்ளைகள், ஒடுங்கிய வளைவில் கொழுந்து லொறியைப் பின்னால் எடுத்து வழிவிட்ட டிரைவர் அண்ணன், அவன் வாந்தி எடுத்த இரவெல்லாம் மணிக்கு மணி கண்ணில் லைட் அடித்துப் பார்த்த நேர்ஸ்மார், சிங்களத்தில் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் கொடுத்த பக்கத்துக் கட்டில் தாத்தா, ஆளுக்கு ஒரு நாள் பெயரை (சம்பளத்தை) கழித்து அம்மாவின் கையில் கொடுத்த எங்கள் ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) ஆட்கள், அவனுடைய நைட் ஷிப்டைப் பங்கு போட்டுக்கொண்டு கொழுந்து வாட்டும் தட்டில் நின்றவர்கள் என்று எத்தனை பேர். உங்கள் ஒவ்வொருவருடைய முகமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எதிரணிக்கும் நன்றி. போட்டி நடத்துகிறவர்கள் மிச்ச ஆட்டத்தை எப்போது வைப்பது என்று கேட்டதற்கு, கீப்பர் எழும்பி வந்து சொல்லட்டும் என்று பதில் சொன்னவர்கள் அவர்கள்.

இனி நாங்கள் செய்யப்போவதையும் எழுதி வைக்கிறேன், எல்லோரும் பார்த்தால்தான் நாங்கள் மாறாமல் இருப்போம். அன்றைக்கு முதல் பாதியிலேயே ஒரு தடவை கீப்பர் கம்பத்தில் தலையை இடித்துக்கொண்டான். “ஏலும் அண்ணே, விளையாடுவேன்” என்றான், நானும் விட்டுவிட்டேன். அதை நான் செய்திருக்கக் கூடாது. தலையில் அடிபட்டவன் அன்றைக்குத் திரும்ப விளையாடக் கூடாது, அவன் ஏலும் என்று சொன்னாலும் கூடாது. 2024 ஜூலையிலிருந்து உதைபந்தாட்ட விதிகளிலேயே, தலையில் அடிபட்டு மூளை குலுங்கியவனுக்குப் பதிலாக, வழக்கமான மாற்று ஆட்களின் கணக்கில் சேர்க்காமல் ஒருவரை இறக்க இடம் வைத்திருக்கிறார்கள், போட்டி நடத்துகிறவர்கள் விரும்பினால். எங்கள் கிண்ணத்துக்கும் இதைக் கொண்டுவரும்படி இரண்டு டீமும் சேர்ந்து கடிதம் கொடுக்கப் போகிறோம். ஆறு பேர் முதலுதவி பழகப் போகிறோம். இரும்புக் கோல் கம்பத்தை நிலத்தில் இறுக்காமல் இனி அந்தக் கிரவுண்டில் பந்தை உருட்ட மாட்டோம்.

இன்னொன்று. டீம் லிஸ்ட் எழுதுகிற கொப்பியில் இதுவரைக்கும் பெயரும் நம்பரும்தான் இருந்தது. இப்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இன்னொரு பெயர் எழுதியிருக்கிறோம். ஏதாவது நடந்தால் இவன் வீட்டுக்கு யார் நடந்து போவது என்று. கீப்பர் பெயருக்குப் பக்கத்தில் யார் பெயரை எழுதுவது என்று அம்மாவிடம் கேட்டோம். அவர் சொன்னது எங்கள் டீமில் இல்லாத ஒருவனுடைய பெயரை. எழுதிவிட்டோம்.

தம்பி, உன் பூட்ஸ் பத்திரமாக இருக்கிறது. அம்மா சேற்றையெல்லாம் ஈர்க்கால் சுரண்டி எடுத்து, கழுவி, உள்ளே கடதாசி திணித்து, அடுப்புக்கு மேலே உள்ள பரணில் வைத்திருக்கிறார். இடது காலில் தையல் விட்டிருந்தது, அதை ஹட்டனில் கொடுத்துத் தைத்தாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொண்டு வருகிறோம். கீப்பரும் வருவேன் என்று நிற்கிறான், டொக்டர் விட்டால் வருவான். அம்மா எப்படியும் வருவார். உங்கள் அம்மாவுக்குப் போன் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், வாசலுக்கே வந்து கூப்பிடுகிறாராம்.

நன்றியுடன்,
ஸ்டோர் டீம் கெப்டன்